விரிசல் விட்ட வார்ப்பிரும்பு ஹவுசிங்: எந்த வரிசையில் சரிசெய்வது?

கியர் பாக்ஸ், பம்ப், கம்ப்ரஸர் என்று எதன் ஹவுசிங்கில், அதாவது வெளிக்கூட்டில், விரிசல் விட்டாலும், சென்னையில் அம்பத்தூரிலோ திருமுடிவாக்கத்திலோ பட்டறையில் எழும் முதல் கேள்வி, "வெல்டிங்குக்கு எந்த ராடு போடலாம்?" என்பதுதான். இந்த வழிகாட்டியில் அந்தக் கேள்வி ஏழாவது படியில்தான் வருகிறது. வெல்டிங்கில் தோற்றதாகச் சொல்லப்படும் வேலைகளில் பெரும்பாலானவை, ஆர்க் அடிப்பதற்கு முன்பே தோற்றுப்போனவை. எண்ணெய் முழுதாகப் போயிருக்காது, விரிசலின் முனை எதுவென்று தெரிந்திருக்காது, அல்லது உடைந்த காரணம் அப்படியே இருந்திருக்கும்.

உதாரணத்துக்கு ஒரே வேலையை எடுத்துக்கொள்வோம். இரண்டு பாதியாகப் பிரியும் ஒரு கியர் பாக்ஸ். கீழ்ப் பாதியில், ஃபவுண்டேஷன் போல்ட் துளையில் தொடங்கி, பேரிங் உட்காரும் இடத்தை நோக்கி விரிசல் ஏறுகிறது. மற்ற ஹவுசிங்குகளுக்கும் வரிசை இதேதான்.

1. தொடலாமா, கூடாதா

சுழலும் வார்ப்பிரும்பு பாகங்களை, அதாவது ஃப்ளைவீல், பெரிய புல்லி போன்றவற்றைச் சரிசெய்ய முயலாதீர்கள். வேகத்தில் சிதறினால் பக்கத்தில் நிற்பவர் தப்பமாட்டார். நீராவி, உயர் அழுத்தக் காற்று தாங்கும் பாகங்களும், எடை தூக்கும் கொக்கி, பிராக்கெட் வகைகளும் அதே கணக்குதான். அவற்றுக்குப் புதிய பாகம்தான் வழி.

அடுத்து, அது சாம்பல் வார்ப்பிரும்புதானா என்று பாருங்கள். பார்வைக்கு முக்கியமில்லாத ஓர் ஓரத்தில் சின்ன ட்ரில் பிட்டால் லேசாகத் துளையிடுங்கள். கறுப்பாகப் பொடிப்பொடியாக உதிர்ந்தால் சாம்பல் வார்ப்பிரும்பு. நீளமாகச் சுருண்டு வந்தால் எஃகு வார்ப்பு, அதன் வெல்டிங் முறையே வேறு. பிட் ஏறவே மறுத்தால் வெள்ளை வார்ப்பிரும்பு, அதை வெல்டிங் செய்ய முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வரைபடம் கையில் இருந்தால் இன்னும் எளிது. ஐ.எஸ். (இந்தியத் தர எண்) 210, எஃப்.ஜி. 200, எஃப்.ஜி. 260 என்று போட்டிருந்தால் சாம்பல் வார்ப்பிரும்பு, ஐ.எஸ். 1865 என்றால் எஸ்.ஜி. அயர்ன், அதாவது கிராஃபைட் உருண்டைகளாக இருக்கும் வார்ப்பிரும்பு.

ஏன் இவ்வளவு பார்க்க வேண்டும்? சாம்பல் வார்ப்பிரும்பில் கார்பன் சுமார் 2.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். அதில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாகக் கிடக்கிறது. அழுத்தினால் தாங்கும், இழுத்தால் அந்தச் செதில்களின் ஓரத்திலேயே பிளக்கும். வெல்டிங் சூடு பட்டுச் சட்டென்று ஆறினால், பற்றின், அதாவது ராடு உருகிப் படியும் உலோகத்தின், ஓரத்தில் கண்ணாடிபோல் நொறுங்கும் கடினப் பட்டை ஒன்று உருவாகும். கீழே வரும் படிகளில் பாதி, இந்த இரண்டு குணங்களைச் சமாளிப்பதற்காகத்தான்.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

விரிசலைக் காட்டும் டை பெனிட்ரண்ட் செட் (கிளீனர், சிவப்புத் திரவம், வெள்ளை டெவலப்பர் என மூன்று டப்பா), 4 அல்லது 5 மி.மீ. ட்ரில் பிட், கார்பைடு பர் (சுழன்று சீவும் கடின முனை), உளி, அரம், எல்.பி.ஜி. டார்ச், வெப்பம் காட்டும் சாக்பீஸ் அல்லது இன்ஃப்ராரெட் மானி, உருண்டை முனைச் சுத்தியல், போர் கேஜ் (துளையின் உள்ளளவு பார்க்க), டயல் கேஜ் (நுண்ணிய அசைவு பார்க்க), ஃபீலர் கேஜ் (இடைவெளி பார்க்க), 2.5 மி.மீ. நிக்கல் ராடு. பாரிமுனைப் பக்கம் செம்புதாஸ் தெருவில் ஒரு சுற்று சுற்றினால் இவற்றில் பெரும்பாலானவை கிடைத்துவிடும்.

ராடைப் பற்றி ஒன்று. நம் ஊர் ஈரப்பதத்தில், அதுவும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையில், திறந்து வைத்த பாக்கெட் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாக்கெட்டில் எழுதியிருக்கும் வெப்பத்தில் உலர்த்திவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். நிக்கல் ராடு விலை அதிகம் என்பதால் மிச்சத்தைப் பல மாதம் வைத்திருப்பது பட்டறை வழக்கம். மூடி இறுக்கமான டப்பாவில் வைத்தால் வீணாகாது.

3. ஏன் உடைந்தது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

மெஷினைக் கழற்றும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். கழற்றிவிட்டால் தடயம் போய்விடும்.

எங்கள் உதாரணத்தில் விரிசல் போல்ட் துளையிலிருந்து கிளம்புகிறது. உடனே சந்தேகப்பட வேண்டியது, கியர் பாக்ஸின் பாதம் தரையில் சரியாக உட்காராமல் இருப்பதை. போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, பாதத்தில் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். ஒரு போல்ட்டைத் தளர்த்தும்போது பாதம் 0.05 மி.மீ.க்கு மேல் எழும்பினால், இத்தனை நாளும் அந்தப் பாதத்தை வளைத்து இறுக்கி வைத்திருந்தார்கள் என்று அர்த்தம். வார்ப்பிரும்பு வளையாது, பிளக்கும்.

பேரிங் பிடித்துக்கொண்டது, கப்ளிங் (இரண்டு ஷாஃப்ட்டை இணைக்கும் பாகம்) அலைன்மென்ட் தவறியது, சூடான நீர் ஜாக்கெட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றியது ஆகியவை மற்ற வழக்கமான காரணங்கள். எது என்று எழுதி வையுங்கள். கடைசிப் படியில் இந்தத் தாள் தேவைப்படும்.

4. வேலை தொடங்கும் முன் அளவெடுங்கள்

ஷாஃப்ட்டையும் பேரிங்கையும் எடுத்துவிட்டு, இரண்டு பாதியையும் டாவல் பின்னோடு (இடம் மாறாமல் நிறுத்தும் முளை) மறுபடி சேர்த்து இறுக்கிய நிலையில், பேரிங் போரை, அதாவது பேரிங் உட்காரும் வட்டத் துளையை, நான்கு திசையில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு போர்களுக்கும் நடுவிலான தூரம், பாதத்திலிருந்து போர் மையத்தின் உயரம் இரண்டையும் எடுங்கள். அளவெடுக்காமல் வேலையை முடித்துவிட்டு, "கொஞ்சம் டைட்டா இருக்கு, தட்டினா போயிடும்" என்று பேரிங்கை அடித்து ஏற்றும் இடத்தில்தான் இரண்டாவது விரிசல் பிறக்கிறது.

அளந்த பிறகு ஆயில் சீல், ஓ-ரிங், லெவல் கிளாஸ் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

5. எண்ணெயை வெளியேற்றுங்கள்

நேரம் அதிகம் எடுக்கும் படி இதுதான். புதிதாக வருபவர்கள் அவசரப்படுவதும் இங்கேதான். பல வருடம் எண்ணெயில் ஊறிய வார்ப்பிரும்பு, அதைக் கிராஃபைட்டுக்கு இடையில் உள்ளே இழுத்து வைத்திருக்கும். மேலே துடைத்தால் பளபளக்கும். சூடு பட்டதும் உள்ளேயிருந்து கசியும்.

முதலில் எண்ணெயை வடித்து, டீகிரீஸர் போட்டுக் கழுவி, நன்றாக உலரவிடுங்கள். எல்லா மூடிகளையும் திறந்துவிட்டு, வெளியில் காற்றோட்டமான இடத்தில் வைத்து, விரிசலைச் சுற்றி டார்ச்சால் மெதுவாகச் சூடேற்றுங்கள். மூடிய ஹவுசிங்குக்குள் எண்ணெய் ஆவி நின்றால் வெடிக்கும். 200 முதல் 300 டிகிரி வரை போதும். சுடர் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது, அகலமாக வீசிக்கொண்டே இருங்கள். விரிசலின் கோட்டில் முதலில் பழுப்பாக ஈரம் துளிர்க்கும், அப்புறம் புகையும். துணியால் துடைத்து, மறுபடி சூடேற்றுங்கள். புகை முழுக்க நின்று, துணியில் கறை ஒட்டாமல் போகும்வரை விடாதீர்கள். பிறகு தானாக ஆறட்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது.

ஒரு கடுமையான எச்சரிக்கை. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் வகை ஸ்பிரேக்களை வெல்டிங் செய்யப்போகும் இடத்தில் அடிக்காதீர்கள். அதன் மிச்சம் ஆர்க் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயு உண்டாகும். டப்பாவின் பின்னால் படித்துப் பாருங்கள்.

6. முனையைக் கண்டுபிடித்துத் துளையிடுங்கள்

கண்ணுக்குத் தெரியும் இடத்தில் விரிசல் முடிவதில்லை. மயிரிழையாக அதற்கு அப்பாலும் ஓடியிருக்கும்.

வார்ப்பு நன்றாக ஆறியபின் சிவப்பு பெனிட்ரண்ட்டை அடித்து 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். சென்னையின் மே மாத வெயிலில் திறந்த இடத்தில் கிடக்கும் இரும்பு, கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அதன்மேல் அடித்தால் திரவம் உள்ளே இறங்குமுன் காய்ந்துவிடும். நிழலுக்கு இழுத்துப் போட்டுவிட்டுச் செய்யுங்கள். நேரம் ஆனதும் உலர்ந்த துணியால் துடைத்து, பிறகு கிளீனரில் நனைத்த துணியால் துடையுங்கள். கிளீனரை நேராக அடித்தால் விரிசலுக்குள் போன சிவப்பும் கழுவிக்கொண்டு வந்துவிடும்.

டெவலப்பரை மெல்லிய வெள்ளைப் படலமாக அடித்துவிட்டுக் காத்திருங்கள். முதலில் நடுப்பகுதி பட்டையாகச் சிவக்கும். அப்புறம் கோடு இரண்டு பக்கமும் மெல்ல நீளும். கடைசியில் முனையில் ஊசிப்புள்ளிகளாக வரிசை கட்டும். அந்தக் கடைசிப் புள்ளிதான் உண்மையான முனை. சென்டர் பஞ்சால் அங்கே குறியிடுங்கள். பத்து நிமிடமாவது பொறுத்துப் பாருங்கள். மூன்றாவது நிமிடத்திலேயே குறி போட்டுவிட்டுக் கிளம்புபவர்கள் நடுவழியில்தான் துளை போடுவார்கள். உள்பக்கத்திலும் இதே சோதனை வேண்டும், ஏனென்றால் உள்ளே விரிசல் வேறு நீளத்தில் இருக்கும்.

கடைசிப் புள்ளியிலிருந்து 3 முதல் 5 மி.மீ. தள்ளி, 4 அல்லது 5 மி.மீ. பிட்டால் முழுக் கனத்துக்கும் துளையிடுங்கள். கூரான முனையில் குவியும் இழுவிசை, துளையின் வட்டத்தில் பரவிவிடும். அதனால் விரிசல் மேற்கொண்டு ஓடாது. துளையைச் சுற்றி மறுபடி பெனிட்ரண்ட் போட்டுப் பாருங்கள். துளைக்கு அப்பால் சிவப்பு தெரிந்தால், தள்ளி இன்னொரு துளை.

பள்ளம் வெட்டுமுன் இந்தத் துளை கட்டாயம் வேண்டும். கிரைண்டரின் அதிர்விலும் சூட்டிலும் விரிசல் இன்னும் ஒரு விரற்கடை ஓடிவிடும்.

7. முறையைத் தேர்ந்தெடுங்கள்

இப்போதுதான் அந்தக் கேள்வி. பேரிங் போருக்கு அருகில், இயந்திரத்தில் கடைந்த முகங்களுக்கு அருகில் என்றால் மெட்டல் ஸ்டிச்சிங், அதாவது உலோகத் தையல். சூடே இல்லை என்பதால் போர் கோணாது. போரிலிருந்து தள்ளி, பாதம், சுவர், விலா போன்ற இடங்களுக்கு நிக்கல் ராடால், வார்ப்பைச் சூடேற்றாமல் போடும் குளிர் முறை வெல்டிங் போதும்.

முழு வார்ப்பையும் 500 முதல் 650 டிகிரி வரை சூடேற்றி, வார்ப்பிரும்பு ராடாலேயே நிரப்பும் சூட்டு முறையும் உண்டு. பற்று அசல் இரும்பைப்போலவே அமையும். ஆனால் உலை வேண்டும், பல மணி நேரம் மெதுவாக ஆறவைக்க வேண்டும், முடிந்தபின் கடைந்த முகங்களை மறுபடி கடைய வேண்டும். கடையும் வசதி இல்லாதவர்கள் அதற்குள் போகாதீர்கள். பித்தளை ராடால் பிரேஸிங் செய்வதும், அதாவது இரும்பை உருக்காமல் பித்தளையை மட்டும் உருக்கி ஒட்டுவதும், நல்ல வழிதான். ஒரு முறை பித்தளை ஏறிய இடத்தில் பிற்பாடு வெல்டிங் பிடிக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மெட்டல் எபாக்சி எண்ணெய்க் கசிவை மட்டும் நிறுத்தும். சுமை தாங்காது.

குளிர் முறையையும் சூட்டு முறையையும் பாதிப்பாதியாகக் கலப்பதுதான் பெரிய தவறு. ஓர் ஓரத்தை மட்டும் டார்ச்சால் நன்றாகச் சூடேற்றிவிட்டு வெல்டிங் போடுவார்கள். சூடான பக்கம் விரியும், குளிர்ந்த பக்கம் விடாது. வெல்டிங் ஆறும்போது வேறோர் இடத்தில் புது விரிசல் விழும். குளிர் முறை என்றால் குளிராகவே, சூட்டு முறை என்றால் முழுவதும் சூடாக.

எங்கள் கியர் பாக்ஸில் விரிசல் போரை நெருங்கும் மேல் பகுதிக்குத் தையல், பாதத்துப் பக்கம் வெல்டிங். வெல்டிங்தான் முதலில். தைத்தபின் பக்கத்தில் சூடு காட்டினால் தையல் தளரும்.

8. பள்ளம் வெட்டுதல்

60 முதல் 70 டிகிரி அகலத்தில், அடி உருண்டையாக இருக்கும்படி வெட்டுங்கள். கூரான அடி இன்னொரு விரிசலுக்கு விதை. கனம் அதிகமாக இருந்து, உள்ளேயும் கை எட்டினால் இரண்டு பக்கத்திலிருந்தும் பாதிப்பாதி வெட்டுவது நல்லது.

கிரைண்டரால் மட்டும் முடிக்காதீர்கள். சாணைக்கல் கிராஃபைட்டை முகம் முழுக்கத் தேய்த்துப் பூசிவிடும். அதன்மேல் உருகிய உலோகம் ஒட்டாமல் உருளும். கடைசிச் சுற்று கார்பைடு பர், உளி அல்லது அரத்தால் இருக்கட்டும். பள்ளத்தின் இரு பக்கமும் 25 மி.மீ. அகலத்துக்கு வார்ப்பின் மேல்தோல், பெயின்ட், துரு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

வெட்டிய பள்ளத்தில் மறுபடி டார்ச் காட்டி எண்ணெய் வருகிறதா என்று பாருங்கள். ஆறியபின் பெனிட்ரண்ட் போட்டு, அடியில் விரிசல் மிச்சமிருக்கிறதா என்றும் பார்த்து, அந்தத் திரவத்தையும் சுத்தமாக எடுத்துவிடுங்கள். இதை முடித்த அன்றே வெல்டிங் போட வேண்டும். திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துக் கடற்காற்றில் ஓர் இரவு விட்டால், காலையில் பள்ளம் முழுக்க மஞ்சள் துரு படிந்திருக்கும்.

9. குளிர் முறை வெல்டிங்

மேல் பாதியை டாவலோடு சேர்த்து இறுக்கிவிட்டுத் தொடங்குங்கள். சேரும் முகம் கோணாமல் அது பிடித்துக்கொள்ளும்.

முதல் அடுக்குக்கு 99 சதவீத நிக்கல் ராடு. பற்று மென்மையாக இருக்கும், அரம் ஏறும். கனமான சுவரில் மேலே நிரப்புவதற்கும், எஸ்.ஜி. அயர்னுக்கும் நிக்கல்-இரும்பு ராடு வலிமை கூடியது. சாதாரண மைல்டு ஸ்டீல் ராடு வேண்டவே வேண்டாம். பிடித்ததுபோல் தெரியும், ஆறியதும் பற்று முழுசாக ஓரத்தோடு கழன்று வரும்.

2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 80 ஆம்பியருக்குள், பாக்கெட்டில் சொன்ன துருவத்தில் (பாசிட்டிவ் அல்லது நெகட்டிவ்), ஆர்க் நிற்கும் மிகக் குறைந்த கரண்டில் வையுங்கள். கரண்ட் கூடினால் அசல் இரும்பு அதிகம் உருகி, அதன் கார்பன் பற்றுக்குள் கலந்து கடினமாகும். ஆர்க்கைப் பள்ளத்துக்குள்தான் அடிக்க வேண்டும். வெளியே அடித்த ஒவ்வொரு பொட்டும் கல்லாகிவிடும்.

முதல் பற்றில் குமிழ் குமிழாக ஓட்டை வந்தால், உள்ளே இன்னும் எண்ணெய் இருக்கிறது. அதன்மேலேயே போட்டு மூடாதீர்கள். வெட்டி எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். எண்ணெயை அந்த முதல் பற்று உறிஞ்சிக்கொண்டு வந்துவிடும், இரண்டாவது முறை சுத்தமாக உட்காரும்.

முதலில் பள்ளத்தின் இரண்டு சுவர்களிலும் தனித்தனியாக ஓர் அடுக்கு பூசுங்கள். பிறகுதான் நடுவில் இணைக்க வேண்டும். ஒரு பற்று 25 மி.மீ. நீளத்துக்கு மேல் போகக் கூடாது. ராடை அசைக்காமல் நேராக இழுத்து, முடிவில் குழி நிரம்பியபின் எடுங்கள். எடுத்த கையோடு, பற்று சூடாக இருக்கும்போதே உருண்டை முனைச் சுத்தியலால் லேசாக, வேகமாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். உலோகம் ஆறும்போது சுருங்கி இரண்டு பக்கத்தையும் இழுக்கும். தட்டும்போது அது சற்று விரிந்துகொடுத்து அந்த இழுவையைக் குறைக்கிறது. ஆறினபிறகு தட்டினால் பயனில்லை. ஓங்கி அடித்தால் பற்றே பிளக்கும்.

அப்புறம் காத்திருங்கள். பற்றின் பக்கத்தில் வெறும் கையை வைத்து எடுக்காமல் இருக்க முடிய வேண்டும், அதுதான் அளவு. "சூடு இல்ல ணா" என்று ஹெல்பர் தோல் கிளவுஸ் போட்ட கையை வைத்துச் சொல்வார். கிளவுஸைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த பற்றை ஒட்டிப் போடாமல், தள்ளி வேறு இடத்தில் போட்டால் சூடு ஒரே இடத்தில் சேராது.

திசையும் முக்கியம். துளையிட்ட முனை இருக்கும் பக்கத்தில் தொடங்கி, திறந்த ஓரத்தை நோக்கி, இங்கே போல்ட் துளையை நோக்கி, வாருங்கள். சுருங்குவதற்கு ஒரு பக்கம் விடுதலையாக இருக்கும். ஓரத்திலிருந்து உள்ளே போனால், இழுவை முழுக்க மூடிய முனையில் சிக்கிக்கொள்ளும்.

ஆறும்போது "டிங்" என்று சத்தம் கேட்டால் நிறுத்துங்கள். எங்கோ பிளந்திருக்கிறது. பெனிட்ரண்ட் போட்டு இடத்தைக் கண்டுபிடித்து, வெட்டி எடுத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். நிக்கல் புகை நுரையீரலுக்குக் கெடுதல், அதனால் வேலை முழுக்கக் காற்றோட்டமும் முகமூடியும் அவசியம்.

10. தையல்

இதில் இரண்டு விதப் பொருள்கள். விரிசலுக்குக் குறுக்கே போகும் பூட்டுகள் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கும். விரிசலின் நெடுகே போகும் திருகுப் பின்கள் இடைவெளியை அடைக்கும்.

ஜிக் (துளைகளின் இடம் தவறாமல் வழிகாட்டும் தகடு) வைத்து, விரிசலுக்குச் செங்குத்தாக வரிசைத் துளைகள் போட்டு, பூட்டுகளை இறக்கித் தட்டி உட்காரவையுங்கள். பூட்டுகள் எல்லாம் ஒரே நீளத்தில் இருந்தால், அவற்றின் முனைகள் ஒரே கோட்டில் நின்று புது விரிசலுக்குப் பாதை போட்டுக்கொடுக்கும். நீளத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

பிறகு விரிசலின்மேல் துளை, டேப்பால் மரை வெட்டுதல், பின். பின்னைத் திருகி, தலையை வெட்டிவிட்டு, அடுத்த துளையை முந்தைய பின்னின் ஓரத்தைக் கொஞ்சம் கடிக்கும்படி போடுங்கள். இப்படிப் பின்னோடு பின் கோத்துக்கொண்டே போனால்தான் எண்ணெய் கசியாது. சாதாரண போல்ட்டை வெட்டிப் போடும் பழக்கம் உண்டு. சாதாரண மரை துளையை வெளிப்பக்கம் தள்ளி, விரிசலை இன்னும் பிரிக்கும். இதற்கென்று வரும் பின்களின் மரை இரண்டு பக்கத்தையும் உள்ளே இழுக்கும். விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். முதல் முறை செய்பவர் ஒரு பழைய வார்ப்புத் துண்டில் பழகிவிட்டு வருவது நல்லது. புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் பிளாக் வாங்கினால் பழகப் போதுமானது.

11. சோதனை

ஓர் இரவு விட்டுவிட்டு மறுநாள் பெனிட்ரண்ட் போடுங்கள். சில விரிசல்கள் ஆறி வெகுநேரம் கழித்துத்தான் வரும். எண்ணெய் நிற்கும் இடம் என்றால், வெளியே சாக்பீஸ் பூசிக் காயவிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றிச் சில மணி நேரம் வையுங்கள். சாக்பீஸில் ஈரக் கோடு தெரிந்தால் கசிவு.

அடுத்து, நான்காம் படியில் குறித்த அளவுகளோடு ஒப்பிடுங்கள். போர் நான்கு திசையிலும் பழைய அளவில் இருக்கிறதா, இரண்டு முகமும் ஃபீலர் கேஜ் நுழையாமல் சேர்கிறதா என்று பாருங்கள். போர் மாறியிருந்தால் போரிங் மெஷினில் கடைந்து புஷ் (உள்வளையம்) போட வேண்டும். பேரிங்கை அடித்து ஏற்றக் கூடாது.

12. திரும்பப் பொருத்துதல்

மூன்றாம் படியில் எழுதி வைத்த தாளை எடுங்கள். பாதம் எழும்பியிருந்ததுதான் காரணம் என்றால், அடியைச் சுத்தம் செய்து, ஷிம் (மெல்லிய தகடு) வைத்து, எழும்பல் 0.05 மி.மீ.க்குள் வந்தபின்தான் இறுக்க வேண்டும். டார்க் ரெஞ்சால், எதிரெதிர் போல்ட்டுகளாக, மூன்று சுற்றில் படிப்படியாக இறுக்குங்கள். கப்ளிங் அலைன்மென்டை டயல் கேஜில் புதிதாகப் பாருங்கள், பழைய குறியை நம்ப வேண்டாம்.

சரிசெய்த இடத்தில் மெஷின் நிறப் பெயின்ட் அடித்து மறைக்காமல், வெள்ளை அடித்துவிடுங்கள். முதல் வாரம் ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும், அப்புறம் எண்ணெய் மாற்றும்போதெல்லாம் டார்ச் லைட் வைத்து அங்கே பார்க்கச் சொல்லுங்கள். மறுபடி விரிந்தால் வெள்ளையில் எண்ணெய்க் கோடு உடனே தெரியும். அப்படித் தெரிந்தால் பழைய பற்றின்மேல் இன்னொரு பற்றுப் போடாதீர்கள். முழுக்க வெட்டி எடுத்துவிட்டு ஐந்தாம் படிக்குத் திரும்ப வேண்டும். அதே இடம் இரண்டாவது முறையும் போனால், உடைந்த ஹவுசிங்கை வைத்தே அளவெடுத்து, பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி) செய்யக் கொடுத்துப் புது வார்ப்புக்குச் சொல்லிவிடுங்கள்.